மீட்டரில் ஏறாத கணக்கு

“எத்தனை யூனிட் வரும்?”

சாப்பாட்டு மிச்சத்திலிருந்து கரண்ட் எடுக்கும் பயோகேஸ் நிலையம் வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது இதைத்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், பஞ்சாயத்துச் சந்தை எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். ராணுவ முகாம்களில் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்பார்கள். நானும் மழுப்பாமல் சொல்லிவிடுவேன். ஒரு கிலோ உணவுக்கழிவிலிருந்து ஏறத்தாழ 100 லிட்டர் வாயு. ஒரு கனமீட்டர் வாயு சின்ன எஞ்சினுக்குள் போனால் ஒன்றரை யூனிட். நாளுக்கு 200 கிலோ மிச்சம் விழும் மெஸ் என்றால் 20 கனமீட்டர், 30 யூனிட். கேட்டவர் முகம் லேசாக வாடும். ஆபீசர் மெஸ்ஸில் இரண்டு ஏசி பகல் முழுக்க ஓடினாலே அது தீர்ந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும்.

இத்தனை வருஷம் சிலரியின், அதாவது தொட்டியில் செரித்து வெளியே வரும் குழம்பின், நாற்றத்தோடு வாழ்ந்தபிறகு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒரு முகாம் இந்த நிலையத்தால் பெறும் நன்மைகளில் ஆகச் சின்னது அந்த 30 யூனிட்தான். சுற்றுச்சூழலுக்கு நடக்கும் நல்லது கெட்டது எல்லாம் மீட்டருக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கிறது. மீட்டரை மட்டும் பார்ப்பவர்கள் நல்ல நிலையத்தைக் கெடுத்துவிடுவார்கள். மீட்டரே இல்லாத நிலையங்கள் அமைதியாக நல்ல வேலை செய்துகொண்டிருப்பதையும் பார்க்கிறேன்.

நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரன். தொழில் திருவனந்தபுரத்தில், குடியிருப்பு கரமனையில். இந்த ஊரில் ராணுவம் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் விஷயம் இல்லை. பாங்கோட்டில் தரைப்படை, ஆக்குளத்தில் 1984-ல் வந்த விமானப்படைத் தென்பிராந்தியத் தலைமையகம், பள்ளிப்புறத்தில் துணை ராணுவமான சிஆர்பிஎஃப். பாங்கோட்டில் உள்ள மைதானத்துக்குப் பெயரே குளச்சல். 1741-ல் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களை வென்ற எங்கள் கடற்கரை ஊரின் பெயர். திருவிதாங்கூரின் அந்தப் படைவழி வந்ததுதான் இன்றைய மதராஸ் ரெஜிமென்டின் 9-ஆவது பட்டாலியன். அதனால் முகாம் வேலை என்றால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் உற்சாகம். நான் வேலை பார்த்த முகாம் எது என்று இங்கே எழுதப் போவதில்லை. வாசலில் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். அந்த மரியாதை எழுத்திலும் இருக்கட்டும்.

பயோகேஸுக்கு இந்தப் பகுதி வேற்றூர் இல்லை. கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் அமைப்பு 2006-லும், திருவனந்தபுரத்தின் பயோடெக் நிறுவனம் 2007-லும் லண்டனின் ஆஷ்டன் எரிசக்தி விருது வாங்கின. நார்டெப்பின் சக்தி சுரபி சமையலறை மிச்சத்தில் ஓடுவது. பயோடெக் வீட்டு நிலையங்களோடு நிற்காமல், சந்தைக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களையும் பஞ்சாயத்துகளுக்குக் கட்டிக் கொடுத்தது. இந்த ஊரின் தட்பவெப்பமும் தோது. வருஷம் முழுக்க 23-லிருந்து 33 டிகிரிக்குள் நிற்கும். நுண்ணுயிருக்கு வேறென்ன வேண்டும்? டெல்லி டிசம்பரில் வாயு பாதியாகிவிட்டது என்று அங்குள்ள நண்பர்கள் புலம்பும்போது நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

ஊருக்கு இந்த வேலையின் அவசரம் புரிந்தது 2011 டிசம்பரில். மாநகராட்சியின் குப்பை போய்க்கொண்டிருந்த விளப்பில்சாலை உரத் தொழிற்சாலையை அந்தக் கிராமப் பஞ்சாயத்து பூட்டிவிட்டது. அடுத்த வருஷம் போலீஸ் காவலோடு இயந்திரம் கொண்டுபோகப் பார்த்தும் ஜனங்கள் விடவில்லை. விட்டிருக்கவும் கூடாது. பத்து வருஷத்துக்கு மேல் ஒரு நகரத்தின் கசிவுநீரைத் தங்கள் ஓடையிலும் கிணற்றிலும் தாங்கியவர்கள் அவர்கள். அதற்குப் பிறகுதான் பைப் கம்போஸ்டும், காற்றோட்டத்தில் மக்கவைக்கும் தும்பூர்முழி மாதிரித் தொட்டிகளும், வீட்டுப் பயோகேஸும் தெருத்தெருவாக வந்தன. கழிவைப் பிறக்கும் இடத்திலேயே தீர்க்கவேண்டும் என்ற எண்ணம் இந்த ஊரில் கொள்கையாக வரவில்லை, போக்கிடம் இல்லாததால் வந்தது. முகாம்களுக்கும் அப்படித்தான் வந்தது.

இனி முதல் கணக்கு. நிலையம் வருவதற்கு முன்னால் அந்த மிச்சம் எங்கே போய்க்கொண்டிருந்தது?

பட்டாளத்தில் சாப்பாட்டு மிச்சத்துக்கு ‘ஸ்வில்’ என்று பெயர். சமையற்கூடத்துக்குப் பின்னால் ஸ்வில் டிரம் இருக்கும். அதை எடுக்க ஒப்பந்தக்காரர் வருவார், பெரும்பாலும் பன்றி வளர்ப்பவர். இது பழைய ஏற்பாடு, பார்க்க அசிங்கமாக இருந்தாலும் சுற்றுச்சூழல் கணக்கில் மோசமில்லை. மிச்சச் சோறு பன்றியின் உடம்பாக மாறுகிறது, அந்த அளவுக்குத் தீவனம் மிச்சமாகிறது. அந்த டிரம்மைப் பன்றியிடமிருந்து பிடுங்கி என் தொட்டியில் கொட்டிவிட்டு, இத்தனை டன் கரியமில வாயுவைத் தடுத்தோம் என்று அறிக்கை எழுதினால் அது பொய்க்கணக்கு. பன்றி தின்ற மிச்சம் குழியில் அழுகவே இல்லையே.

ஆனால் 2022 ஜூலையில் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் உறுதியானது. வேகவைக்காத மிச்சத்தீனி அந்த நோய் பரவும் வழிகளில் ஒன்று. கட்டுப்பாடுகள் வந்தன, ஒப்பந்தக்காரர்கள் வராத நாட்கள் வந்தன. வராத நாட்களில் என்ன நடக்கும்? முகாமின் கோடியில் ஒரு குழி, அதில் கொட்டி மேலே மண். மூடிய குழியில் காற்றில்லாமல் அழுகும் சோறு செய்வதும் என் தொட்டி செய்வதும் ஒரே வேலைதான், மீத்தேன் தயாரிப்பு. குழி அதை ஆகாயத்துக்கு விடுகிறது, நான் குழாயில் பிடிக்கிறேன். ஆகவே முகாமுக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது அடுப்பையும் இல்லை, மின் அறையையும் இல்லை. ஸ்வில் பதிவேட்டையும், சமையற்கூடத்துக்குப் பின்னால் எங்காவது புதிதாக மண் கிளறியிருக்கிறதா என்பதையும்.

200 கிலோவைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 20 கனமீட்டர் வாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் மீத்தேன், எடையில் சுமார் 8 கிலோ. ஒரு கிலோ மீத்தேன் நூறு வருஷக் கணக்கில் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்கிறது ஐ.நா. காலநிலைக் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கை. குழியில் அதன் பாதி உண்டாகி வெளியேறினால்கூட நாளுக்கு 112 கிலோ. மின்சாரத்துக்கு வருவோம். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. 30 யூனிட்டுக்கு 21 கிலோ. குழியைத் தவிர்த்ததில் 112, கரண்ட் எடுத்ததில் 21. குழியே இல்லாமல் பன்றிக்குப் போய்க்கொண்டிருந்த முகாம் என்றால் அந்த 112 கிடையாது, வெறும் 21தான். ஒரே நிலையம், ஒரே மீட்டர். ஆனால் நன்மை ஆறு மடங்கு வேறுபடுகிறது.

அந்த 21-ஐயும் காப்பாற்றுவது சுலபமில்லை. தொட்டியிலிருந்து பத்து சதவீத வாயு கசிந்தால் 0.8 கிலோ மீத்தேன், அதாவது 22 கிலோவுக்குச் சமம். கரண்டில் கிடைத்தது முழுக்கக் கசிவில் போயிற்று.

பத்து சதவீதம் கசியுமா என்று கேட்பார்கள். கசியும், கண்ணுக்குத் தெரியாமலே கசியும். காதி கிராமத்தொழில் ஆணையத்தின் பழைய மிதக்கும் டிரம் மாதிரியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் டிரம் ஏறி இறங்க இடைவெளி வேண்டும். 3 மீட்டர் விட்டமுள்ள டிரம்முக்குச் சுற்றிலும் ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டால், அந்த வளையத்தின் பரப்பு தொட்டிப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த வளையத்தில் வரும் குமிழி டிரம்முக்குள் போகாமல் நேராக மேலே போய் உடைகிறது. சிலரியின் மேல் சின்னச் சின்னக் கண்களாக முழித்து முழித்து அடங்கும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். தொட்டிச் சுவரில் உள்விளிம்பு வைத்துக் கட்டினால் குமிழி டிரம் பக்கமாகத் திரும்பும். தண்ணீர்ச் சட்டை மாதிரி, அதாவது டிரம் தனியாக ஒரு தண்ணீர் வளையத்தில் மிதக்கும் அமைப்பு என்றால் இந்தச் சிக்கலே இல்லை, நாற்றமும் குறைவு. விலை கூடுதல். டெண்டரில் விலை குறைந்தவர் ஜெயிப்பார். இதற்குமேல் இதைப் பற்றி எழுதினால் என் ரத்த அழுத்தம் ஏறும்.

இன்னொரு கசிவு உண்டு. முகாமில் இருக்கும் படை யூனிட் பயிற்சிக்குப் போய்விடும். பாதிப் பேர் இல்லை, அடுப்பு ஒருவேளைதான் எரிகிறது. தொட்டியில் ஏற்கெனவே போட்டது செரித்து முடிய வாரக்கணக்கில் ஆகும், வாயு வந்துகொண்டேதான் இருக்கும். டிரம் உச்சிக்கு ஏறி நின்றபின், மிஞ்சிய வாயு அடிவிளிம்பு வழியாகக் குபுகுபுவென்று வெளியே போகும். இதற்கு ஒரு எரிகுழல் வைக்கவேண்டும், உபரியைக் கொளுத்திவிட. கொளுத்தினால் மீத்தேன் கரியமில வாயுவாகிவிடும், தீங்கு பலமடங்கு குறையும். ஆனால் முகாமில் அணையாத தீ ஒன்று திறந்தவெளியில் நிற்பதை எந்தத் தீயணைப்பு அதிகாரியும் விரும்பமாட்டார். கிடங்குகளிலிருந்து எத்தனை தூரம், காற்று எந்தப் பக்கம், யார் காவல் என்று ஒரு கட்டு காகிதம் ஆகும். அந்தக் காகிதத்துக்காக அலைவதை நான் வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்வேன். எரிகுழல் இல்லாத நிலையத்தை நான் ஒப்படைப்பதில்லை.

இணைப்புகளுக்குச் சோப்புத் தண்ணீர். பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு வால்வு, ஒவ்வொரு வளைவு. இதைவிட நம்பகமான கருவியை இந்த விலையில் நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் குழாயின் தாழ்ந்த இடங்களில் நீராவி குளிர்ந்து தேங்கும், அடுப்புச் சுடர் குதிக்கும். அதைச் சமையற்காரர்கள் கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்துச் சிலிண்டருக்கு மாறிவிடுவார்கள். அங்கே வாயு டிரம்மில் ததும்பும், இங்கே சிலிண்டர் எரியும். ஒரு தண்ணீர்ப் பொறி, அதைத் திறந்துவிட ஒரு ஆள், அவ்வளவுதான் பரிகாரம்.

தொட்டிக்குள் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி அது.

தொட்டி ஒரு வயிறு. அதற்குத் தினசரி ஒரே நேரம், ஒரே அளவு, ஒரே மாதிரிச் சாப்பாடு பிடிக்கும். அந்த ஒழுங்கைப் பட்டாளத்தைப்போல யாரும் தரமுடியாது. காலை ஆறரைக்கு டிரம் வந்தால் ஆறரைக்கு வரும். எலும்பு தனி, முட்டை ஓடு தனி, பால் கவர் தனி என்று ஒருமுறை சொன்னால் போதும். கல்யாண மண்டபத்தில் இதைச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஆனால் பட்டாளத்தில் பராகானா என்று ஒன்று உண்டு. ரெஜிமென்டின் நாள், ஒரு பண்டிகை, யாரோ பெரிய அதிகாரி வருகை, இப்படி எதற்காவது எல்லாரும் ஒன்றாக உட்காரும் பெருவிருந்து. மறுநாள் காலை டிரம்கள் வரிசைகட்டி நிற்கும்.

நான் வேலை பார்த்த முகாமில் சங்கரன்கோவில் பக்கத்து ஹவில்தார் ஒருவர் நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தார்.

“அண்ணாச்சி, நேத்து பராகானா. நாலு டிரம் நிக்கிது. போட்டுருவமா?”

“போடுங்க. பத்து நாளைக்கு அடுப்பு பத்தாது, பரவால்லையா?”

“கேஸ் நெறய வருமேன்னு பாத்தேன்.”

வரும், நிறையவே வரும். பிரியாணிச் சோறும் கேசரியும் சேர்ந்து விழுந்தால் முதல் கூட்டத்து நுண்ணுயிர்கள் அதை மளமளவென்று அமிலமாக்கிவிடும். அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும் இரண்டாம் கூட்டம் நிதானமானது, பெருகவும் நாளாகும். அமிலம் குவியக் குவிய அது சுருண்டுவிடும். டிரம் ஏறும், ஆனால் உள்ளே பெரும்பாலும் கரியமில வாயு. தீக்குச்சி கிழித்தால் சுடர் பிடிக்காமல் அணைந்துவிடும். வெளியே வரும் சிலரியை முகர்ந்தால் பழைய மாட்டுத்தொழுவ வாசம் போய், மூக்கைக் குத்தும் புளிப்பு. பிஎச் தாளில் 7-ஐ ஒட்டி இருக்கவேண்டிய நிறம் 6-க்குப் போய் நிற்கும். அப்போது தீனியை நிறுத்தவேண்டும். புதுச் சாணம் கரைத்து ஊற்றவேண்டும். பிறகு பொறுத்திருக்கவேண்டும். சுண்ணாம்பைக் கொட்டி அவசரப்படுத்துகிறவர்களும் உண்டு. அளவு தப்பினால் அது வேறு வம்பு.

அன்றைக்கு ஹவில்தார் ஒரு டிரம் மட்டும் போட்டார். மற்ற மூன்றையும் காய்ந்த சருகோடு அடுக்கி, காற்றோட்டமுள்ள கம்போஸ்ட் தொட்டியில் வைத்தோம். பயோகேஸ் நிலையம் வைக்கிற எந்த முகாமுக்கும் பக்கத்தில் ஒரு கம்போஸ்ட் தொட்டி கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். யூனிட் கணக்கில் அந்த மூன்று டிரம் நஷ்டம். மறுவாரம் அடுப்பு எரிந்தது.

ஓணத்துக்கு வேறு பிரச்சினை. சத்யா விருந்து முடிந்து வாழையிலைகள் மலையாகக் குவியும். இலை நார் செரிக்காது. மிதந்து, பின்னி, மேலே பாய் மாதிரிப் படர்ந்து வாயுவை அடைக்கும். எலுமிச்சைத் தோல் கூடினாலும் தொட்டி முகம் சுளிக்கும். எல்லாவற்றையும்விடக் கொடுமை பினாயில். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று சமையற்கூடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவி, அந்தத் தண்ணீரைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டால் உள்ளே உயிர் மிஞ்சாது.

சரி, வாயு நன்றாக வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதை எஞ்சினில் போடுவதா, அடுப்பில் போடுவதா? என் பதில் எப்போதும் அடுப்புதான். 20 கனமீட்டர் வாயு 9 கிலோ எல்பிஜிக்கு ஈடு. இரண்டு நாளைக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் மிச்சம். அந்த 9 கிலோ எரிந்திருந்தால் 27 கிலோ கரியமில வாயு. எஞ்சின் வழியாகப் போனால் 21. சின்ன எஞ்சின் வாயுவில் உள்ள சக்தியில் நான்கில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது, மீதி வெப்பமாகவும் சத்தமாகவும் போகிறது, எரியாத மீத்தேனும் கொஞ்சம் புகைக்குழாய் வழியாக நழுவும். ஆனாலும் அடுப்பை யாரும் திறப்புவிழா செய்து ரிப்பன் வெட்டமாட்டார்கள். ஜெனரேட்டர் என்றால் ஒரு பலகை, ஒரு ஸ்விட்ச், ஒரு பல்பு எரியும், போட்டோ எடுக்கலாம்.

எஞ்சினை அரிப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. முட்டையும் இறைச்சியும் கூடுதலான தீனியில் அது கூடும். செம்புப் பாகத்தைத் தின்னும், எண்ணெயைக் கறுக்க வைக்கும், எரிந்தால் கந்தக டைஆக்சைடு. அதைப் பிடிக்க நாங்கள் லேத் பட்டறையிலிருந்து துருப்பிடித்த இரும்புச் சுருளை வாங்கி ஒரு குழாயில் அடைத்து, வாயுவை அதன் வழியே விடுவோம். துரு கந்தகத்தை வாங்கிக்கொண்டு கறுத்துவிடும். கறுத்த சுருளை வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டுத் தானாகவே சூடேறும், சில நேரம் கனலும். தண்ணீர் தெளித்து, சிமென்டுத் தரையில் பரப்பிக் காயவைக்கவேண்டும். சருகு கிடக்கும் இடத்தில் எறிந்துவிட்டு டீ குடிக்கப் போவது மற்ற இடத்தில் அலட்சியம், முகாமில் குற்றம். இன்னொன்று: அழுகின முட்டை நாற்றம் வந்தால் பயப்படாதீர்கள், வந்துகொண்டிருந்த நாற்றம் சட்டென்று நின்றால் ஓடுங்கள் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும். காலியான தொட்டிக்குள்ளும் யாரும் இறங்கக்கூடாது. அதில் பேரம் கிடையாது.

ஜெனரேட்டருக்கு நியாயம் உள்ள இடம் இருக்கிறது. லாரி ஏறி, மலை ஏறி டீசல் போகும் இடம். ஒரு லிட்டர் டீசலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவும் ஆபத்தும் அதன் விலையைவிடப் பெரிதாக இருக்கும் முகாம்களில் 30 யூனிட் என்பது பத்து லிட்டர் டீசல். அமெரிக்க ராணுவம் 2008-ல் பாக்தாதின் விக்டரி முகாமில் பரிசோதித்தது இதைத்தான். காகிதம், பிளாஸ்டிக், அட்டையை உருண்டையாக அழுத்தி வாயுவாக்குவது. உணவுக்கழிவைப் புளிக்கவைத்து எத்தனால் எடுப்பது. இரண்டையும் சேர்த்து 60 கிலோவாட் டீசல் ஜெனரேட்டருக்கு ஊட்டுவது. பர்டியூ பல்கலைக்கழக ஆட்களும் சேர்ந்து வடிவமைத்த இரண்டு மாதிரிகள், ஏறத்தாழ மூன்று மாதம் ஓடின. கருத்து பழுதில்லை, இயந்திரம்தான் அடிக்கடி படுத்துக்கொண்டது. அதை என்னால் கேலி செய்யமுடியாது. கலப்புக் குப்பையை நம்பி ஓடும் எந்த இயந்திரமும் படுத்துக்கொள்ளும்.

ஏன் அவர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம்களின் குப்பையைத் திறந்த குழியில், விமான எரிபொருள் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஈராக்கின் பலாத் தளத்தில் இருந்த குழி அதில் பேர்போனது. அந்தப் புகையைச் சுவாசித்த சிப்பாய்களின் நோய்களை ஏற்று மருத்துவமும் உதவியும் தர 2022 ஆகஸ்டில் தனிச் சட்டமே போடவேண்டி வந்தது. கேரளத்தில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. 2023 மார்ச் 2-ஆம் தேதி கொச்சி பிரம்மபுரத்தில் பற்றிய குப்பைத் தீயை அணைக்கப் பத்து நாட்களுக்கு மேல் ஆயிற்று. கடற்படையும் விமானப்படையும் ஹெலிகாப்டரில் தண்ணீர் மொண்டு ஊற்றின. ஊர்க்குப்பையை ராணுவம் அணைக்கும் நிலை வந்தபிறகு, முகாம் தன் குப்பையை என்ன செய்கிறது என்று கேட்பதில் தப்பில்லை.

அதனால்தான் யாராவது “எல்லாக் குப்பையையும் எரித்தே கரண்ட் எடுத்துவிடலாமே” என்று சொன்னால் நான் மறித்துப் பேசுவேன். 1987-ல் டெல்லி திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளுக்கு 300 டன் எரிக்கும் ஆலை கட்டினார்கள். நம் ஈரக் குப்பை எரியவில்லை, சில வாரங்களில் நின்றது. 2016-ஆம் வருஷத்து விதிகள் கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும், மறுசுழற்சி ஆகாத கழிவைத்தான் எரிசக்திக்கு என்று வைத்தன. சோறும் சாம்பாரும் அதற்குள் வராது. பிளாஸ்டிக்கைச் சேர்த்தால் எரியும், ஆனால் டயாக்சினும் சாம்பலும் வரும். அந்தப் புகையைச் சுத்தம் செய்யும் கருவி அடுப்பைவிட விலை அதிகம். சென்னை கொடுங்கையூரில் எரியாலைத் திட்டத்தை எதிர்த்து ஜனங்கள் இதற்காகத்தான் தெருவுக்கு வந்தார்கள். சில நூறு பேர் இருக்கும் முகாமில் அப்படி ஒரு எரியாலையை ஒழுங்காக நடத்துவது நடக்கிற காரியமில்லை. மருத்துவக் கழிவு, பேட்டரி, எண்ணெய்த் துணி இவற்றுக்கு உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகட்டும்.

நம் ராணுவ ஆராய்ச்சியே இதில் நல்ல முன்மாதிரி. சியாச்சினில் மனிதக் கழிவு பனியில் அப்படியே உறைந்து கிடந்தது. டிஆர்டிஓவின் குவாலியர், தேஜ்பூர் ஆய்வகங்கள் குளிரிலும் வேலை செய்யும் நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கிச் செரிப்புத் தொட்டி செய்தன. பின்னால் அதுதான் ரயில் பெட்டிக் கழிவறைகளுக்கு வந்தது. அங்கே யாரும் யூனிட் கேட்கவில்லை. கழிவு தீரவேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

இனி மீட்டருக்குப் பின்னால் உள்ள கணக்கு, சிலரி. 200 கிலோ கழிவுக்கு அதே அளவு தண்ணீர் சேர்த்தால் தினம் ஏறத்தாழ 400 லிட்டர் சிலரி வெளியே வரும். வாயுவாகப் போவது கரிமம்தான், தழைச்சத்து அப்படியே சிலரியில் நிற்கும். நாளுக்கு சுமார் ஒரு கிலோ நைட்ரஜன். அதைச் சாக்கடையில் விட்டால் அது போய்ச் சேரும் இடம் நகரின் நீர்வழிகளான ஆமயிழஞ்சான் தோடு அல்லது பார்வதி புத்தனாறு. மண்ணில் ஒரே இடத்தில் ஊற்றினால் கிணறு. இந்த ஊரில் மதில் தாண்டினால் ஒவ்வொரு வீட்டிலும் கிணறு. விளப்பில்சாலைக்காரர்கள் எதற்குப் பூட்டு போட்டார்களோ அதையே நாம் சின்ன அளவில் மதிலுக்குள் செய்ததாக ஆகும். சிலரியை முறையாகக் கொடுத்தால் ஒரு வருஷத்து வரத்து ஏறத்தாழ ஒரு ஹெக்டேர் நேந்திரன் வாழைக்குப் போதும். முகாமில் நிலம் இருக்கிறது, மரம் இருக்கிறது, வேலைக்கு ஆள் இருக்கிறது. சிலரித் தொட்டி, ஒரு பம்ப், ஐந்நூறு அடி ஹோஸ். இந்த மூன்றும் மதிப்பீட்டில் இல்லையென்றால் நான் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன். ஜூன், ஜூலை அடைமழையில் வாழைக்கும் வேண்டாம். அதற்கு மூடிய தொட்டியில் இரண்டு வாரத்துக்காவது இடம் வேண்டும். இந்த ஒரு செலவுக்குத்தான் எல்லாரும் கையை இறுக்குவார்கள்.

கடைசியாக ஆள் கணக்கு. சென்னை கோயம்பேட்டில் 2005-ல் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவுக்கு ஒரு பெரிய மீத்தேன் மின்நிலையம் வந்தது. அது முழு அளவில் தொடர்ந்து ஓடவில்லை. பெரிய நிலையமோ சின்ன நிலையமோ, தொடர்ந்து ஓடுவதற்கு இயந்திரத்தைவிட ஆள்தான் முக்கியம். பட்டாளத்தில் அதற்கு ஒரு தனித் தொல்லை. யூனிட் இரண்டு மூன்று வருஷத்தில் மாறிப்போகும். புளிப்பு வாசத்தை மூக்கால் கண்டுபிடிக்கப் பழகிய ஹவில்தார் ஒருநாள் ராஜஸ்தானுக்குப் போய்விடுவார். வருகிற ஆளுக்கு இது ஒரு பச்சை டிரம்.

ஒப்படைக்கும்போது எல்லாவற்றையும் எண்ணிக் கொடுப்பார்கள். ‘ஹேண்டிங் டேக்கிங்’ பதிவேட்டில் டிரம் ஒன்று, பம்ப் ஒன்று, ஜெனரேட்டர் ஒன்று என்று இருக்கும். போன முறை யூனிட் மாறியபோது சங்கரன்கோவில்காரரிடம் அதில் இன்னும் நாலு வரி சேர்க்கச் சொன்னேன். தினத் தீனி எத்தனை கிலோ, கடைசி பிஎச் எவ்வளவு, இரும்புச் சுருள் மாற்றிய தேதி, புளித்தால் சாணம் எந்தத் தொழுவத்தில் கிடைக்கும். முதல் மூன்றையும் அவர் பேனாவால் எழுதினார். தொழுவக்காரர் முகாம் ஆள் இல்லை, வெளியாள் பெயரைப் பதிவேட்டில் எழுத அனுமதி இல்லை என்றார். பிறகு பால் வாங்கும் கணக்கு நோட்டைத் திறந்து, அதில் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்தார். புது யூனிட் பால் எடுப்பதும் அவரிடம்தானே, கேட்டால் கிடைக்கும் அண்ணாச்சி என்றார்.